இணையத்தின் கணக்குப்பிள்ளை ஜான் போஸ்டல்

வாட்ஸ்அப்பில் இருக்கும் ஒருவர் அங்கிருந்தே டெலிகிராமில் இருக்கும் நண்பருக்குச் செய்தி அனுப்ப முடியாது. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் செயலிகள். ஒன்றின் கதவு மற்றொன்றுக்குத் திறக்காது. மின்னஞ்சலில் இந்தத் தடை இல்லை. பல்கலைக்கழக முகவரியிலிருந்து ஜிமெயிலுக்கு எழுதலாம். அங்கிருந்து ஈப்போவில் உள்ள ஒரு சிறு கடையின் சொந்த முகவரிக்கு எழுதலாம். இதற்காக எந்த நிறுவனமும் மற்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவதில்லை. மின்னஞ்சலுக்கு மட்டும் எப்படி இந்தச் சுதந்திரம் கிடைத்தது?

கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில் சரக்கு அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனித்துக் கொள்பவன் நான். எங்கள் அலுவலகத்தில் முப்பது பேருக்கு மின்னஞ்சல் வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வெளியாருக்குக் கட்டி வந்ததை நிறுத்திவிட்டு, திறமூல மென்பொருள்களைக் கொண்டு சொந்தமாக ஒரு மின்னஞ்சல் வழங்கியை, அதாவது சர்வரை, அமைத்தோம். அந்த வேலைக்காக மூல ஆவணங்களைத் தேடிப் படித்தபோது, எந்தப் பக்கம் போனாலும் ஒரே பெயர் எதிரே வந்தது. மின்னஞ்சல் அனுப்பும் விதிகள், இணையத்தின் அடிப்படை விதிகள், நாடுகளுக்கு இணையப் பெயர் வழங்கும் விதிகள் எல்லாவற்றின் முதல் பக்கத்திலும் ஜான் போஸ்டல் இருந்தார்.

ஸ்டீவ் ஜாப்ஸ், பில் கேட்ஸ் பெயர்கள் நம் மாணவர்களுக்கு மனப்பாடம். கணினி வலையமைப்புத் துறையில் உள்ளவர்களுக்கு ஜான் போஸ்டல் அதே அளவு தெரிந்த பெயர். ஆனால், அவர் நிறுவனம் எதையும் தொடங்கிச் செல்வம் சேர்க்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இணையத்தின் கணக்குப்பிள்ளையாக இருந்து பட்டியல்களை எழுதி வைத்தார். அந்தப் பட்டியல்கள் இல்லாமல் இன்றைய இணையம் இல்லை.

ஒரே பள்ளியில் படித்த மூவர்

ஜானதன் புரூஸ் போஸ்டல் 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அல்டடீனா என்ற ஊரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் வளர்ந்தார். வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அதே பள்ளியில் படித்த இன்னும் இருவர் வின்ட் செர்ஃப், ஸ்டீவ் குரோக்கர். பிற்காலத்தில் இணையத்தின் அடிப்படை விதிகளை வகுத்தவர்களில் இந்த மூவருக்கும் முக்கிய இடம் உண்டு. ஆனால், மூவரும் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கியது பள்ளியில் அல்ல, யுசிஎல்ஏ என்று அழைக்கப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில்.

அங்கே போஸ்டல் 1966இல் பொறியியலில் இளங்கலைப் பட்டமும் 1968இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1974இல் கணினி அறிவியலில் முனைவர் ஆனார். அவர் மாணவராக இருந்த நாள்களில்தான் அமெரிக்கத் தற்காப்புத் துறையின் பண உதவியோடு ஆர்பாநெட் என்ற கணினி வலையமைப்பு உருவானது. இன்றைய இணையத்தின் முன்னோடி அது. 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, யுசிஎல்ஏவில் இருந்த கணினி ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தின் கணினிக்கு முதல் செய்தியை அனுப்பியது. உள்நுழைவதற்கான ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி நின்று போனது. சிறிது நேரம் கழித்து மீண்டும் முயன்று வெற்றி பெற்றார்கள். அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மாணவர்களில் போஸ்டலும் ஒருவர்.

யாராவது எழுதி வைக்க வேண்டும்

அந்த மாணவர்கள் முன் ஒரு சங்கடம் இருந்தது. கணினிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும் என்று விதி எழுதும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்தது. ஆனால், விதி போடும் அதிகாரத்தை யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அதனால், 1969ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்டீவ் குரோக்கர் முதல் ஆவணத்தை எழுதியபோது அதற்குச் சட்டம், தரம் என்றெல்லாம் பெயர் வைக்காமல், கருத்துக் கேட்கும் குறிப்பு என்று பொருள்படும்படி ஆர்எஃப்சி என்று அடக்கமாகப் பெயர் வைத்தார். இதுதான் எங்கள் யோசனை, உங்களுக்கு வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள் என்பது அதன் உட்பொருள்.

அந்த வரிசை இன்றும் தொடர்கிறது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகள் பெரும்பாலும் அந்த எண் வரிசையில்தான் வெளிவருகின்றன. எவரும் காசு கொடுக்காமல் படிக்கலாம், கடைப்பிடிக்கலாம். இந்தக் குறிப்புகளைத் திருத்தி, சீர்படுத்தி, எண் கொடுத்து வெளியிடும் பதிப்பாசிரியர் வேலையைப் போஸ்டல் ஏற்றார். இறக்கும் வரை அவரே அந்தப் பதிப்பாசிரியர். குழப்பமாக எழுதப்பட்ட ஆவணத்தைத் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு வேலையும் அவரைத் தேடி வந்தது. ஒரு கணினியில் பல சேவைகள் ஓடும். வெளியிலிருந்து வரும் செய்தி எந்தச் சேவைக்கு உரியது என்று தெரிய ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வாசல் எண் வேண்டும். இதைத்தான் போர்ட் என்கிறோம். ஆளுக்கு ஓர் எண்ணைத் தன்னிச்சையாக வைத்துக்கொண்டால் ஒன்றும் ஒழுங்காக நடக்காது. எந்த எண் எதற்கு என்று யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும். 1972இல் போஸ்டல் ஒரு குறிப்பு எழுதி, அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்றும் எண் தேவைப்படுவோர் தம்மிடம் கேட்டுப் பெறலாம் என்றும் முன்மொழிந்தார். மின்னஞ்சலுக்கு 25, இணையப் பக்கங்களுக்கு 80 என்று இன்று நாம் பயன்படுத்தும் எண்கள் அந்தப் பட்டியலின் வழி வந்தவை. பிற்காலத்தில் இந்த வேலைக்கு ஐயானா என்ற பெயர் வந்தது. பெயரைக் கேட்டால் பெரிய அமைப்பு போலத் தோன்றும். நெடுங்காலம் அது போஸ்டலும், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் உள்ளிட்ட ஒரு சில உதவியாளர்களும் மட்டுமே.

1977இல் அவர் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அது மரீனா டெல் ரே என்ற கடலோர ஊரில் இருக்கிறது. வாழ்நாள் முழுதும் அங்கேதான் வேலை. நீண்ட தாடி, காலில் செருப்பு, ஓய்வு கிடைத்தால் முதுகில் பையோடு சியரா நெவாடா மலையில் நடை. பெரிய அதிகாரிகளைச் சந்திக்கும்போதும் இந்தத் தோற்றத்தை அவர் பெரும்பாலும் மாற்றிக்கொண்டதில்லை.

இரண்டு கணினிகளின் உரையாடல்

1971இல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு அஞ்சல் அனுப்பிக் காட்டினார். முகவரியில் வரும் அட் குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. ஆனால், அன்றைய அஞ்சல்கள் கோப்புகளை அனுப்பும் வழியில் தொற்றிக்கொண்டு பயணம் செய்தன. மின்னஞ்சலுக்கென்று தனி விதி தேவைப்பட்டது. சில முன்வரைவுகளுக்குப் பிறகு, 1982ஆம் ஆண்டு ஆகஸ்டில், 821 என்ற எண்ணுள்ள குறிப்பாகப் போஸ்டல் அதை வெளியிட்டார். எஸ்எம்டிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த விதியின் பெயரிலேயே எளிமை என்ற சொல் இருக்கிறது.

அது எவ்வளவு எளிமை என்பதைப் பாருங்கள். அனுப்பும் வழங்கி, பெறும் வழங்கியின் 25ஆம் எண் வாசலைத் தட்டுகிறது. உள்ளிருந்து 220 என்ற பதில் வருகிறது. தயாராக இருக்கிறேன் என்று பொருள். வந்தவர் ஹெலோ என்று தன் பெயரைச் சொல்கிறார். பிறகு, அஞ்சல் யாரிடமிருந்து, யாருக்கு என்று இரண்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் 250 என்ற பதில், அதாவது சரி. அப்படி ஓர் ஆள் இங்கே இல்லையென்றால் 550. எல்லாம் சரியென்றால் கடிதம் உள்ளே போகிறது. கடைசியில் தனியாக ஒரு வரியில் ஒரு புள்ளி வைத்தால் கடிதம் முடிந்தது. மீண்டும் ஒரு 250. அவ்வளவுதான்.

எங்கள் வழங்கியை முதன்முதலில் இயக்கியபோது, மின்னஞ்சல் செயலி எதுவும் இல்லாமல், இந்த வரிகளை நானே விசைப்பலகையில் ஒவ்வொன்றாகத் தட்டிச் சோதித்தேன். ஒவ்வொரு வரிக்கும் பதில் எண் வந்தது. 1982இல் எழுதிய உரையாடல் இன்றும் ஒரு சொல் மாறாமல் நடக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அந்தப் பதில் எண்களில் ஓர் ஒழுங்கு உண்டு. 2இல் தொடங்கினால் வெற்றி. 4இல் தொடங்கினால் இப்போது முடியவில்லை, பிறகு வா. 5இல் தொடங்கினால் திரும்ப முயலாதே. பெறும் வழங்கி அணைந்திருந்தாலோ 4 என்று சொன்னாலோ, அனுப்பியவர் கடிதத்தைத் தூக்கி எறிவதில்லை. வரிசையில் வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் மீண்டும் மீண்டும் முயல்கிறார். ஒரு சனிக்கிழமை எங்கள் வட்டாரத்தில் மின்சாரம் போய், மறுநாள் மாலைதான் வந்தது. வழங்கி மீண்டும் எழுந்ததும், உலகின் பல மூலைகளில் காத்திருந்த கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வாடிக்கையாளர் ஒருவருக்கும் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தக் கடைசி 250. அதைச் சொன்ன கணத்தில் கடிதத்தின் பொறுப்பு கை மாறுகிறது. இனி அதை உரியவரிடம் சேர்ப்பதோ, முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிப்பதோ பெற்றவரின் கடமை. சொந்தமாக மின்னஞ்சல் வழங்கி வைத்திருப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், 250 சொல்லிவிட்டு அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது என்றுதான் நான் பதில் சொல்வேன்.

இணைய விதிகள் அனைத்துக்கும் பொருந்தும்படி போஸ்டல் வகுத்த ஒரு நெறியும் புகழ்பெற்றது. அனுப்பும்போது விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். பிறர் அனுப்புவதில் சிறு பிசகு இருந்தால் பொறுத்துக்கொண்டு புரிந்துகொள்ள முயல வேண்டும் என்பது அதன் சாரம். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆள்கள் எழுதிய மென்பொருள்கள் தொடக்க காலத்தில் ஒன்றோடொன்று பேச முடிந்ததற்கு இந்தப் பெருந்தன்மை ஒரு காரணம்.

1984இல் அனைத்துலகத் தொலைத்தொடர்புத் துறையினர் எக்ஸ்.400 என்ற பெயரில் மின்னஞ்சலுக்கு வேறொரு விதித் தொகுப்பைக் கொண்டு வந்தார்கள். அரசாங்கங்களின் ஆதரவு அதற்கு இருந்தது. ஆனால், அது மிகவும் சிக்கலானது. முகவரியே நீளமானது. போஸ்டலின் விதியையோ ஒரு மாணவர்கூடப் படித்துப் புரிந்துகொண்டு மென்பொருள் எழுத முடிந்தது. எளியது வென்றது.

நம்பிக்கையின் விலை

போஸ்டலின் விதியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அனுப்புபவர் தன் பெயர் இன்னது என்று சொன்னால் பெறுபவர் அதை அப்படியே நம்புகிறார். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள் மட்டும் இருந்த வலையமைப்பில் அது போதுமானதாக இருந்தது. கோடிக்கணக்கானவர்கள் வந்த பிறகு, வங்கியின் பெயரில் மோசடிக் கடிதம் அனுப்பவும் அதே கதவு பயன்பட்டது.

போஸ்டல் இதை எண்ணிப் பார்க்காதவர் அல்லர். 1975ஆம் ஆண்டு நவம்பரில், 706 என்ற எண்ணுள்ள ஒரு சின்னக் குறிப்பில், வேண்டாத அஞ்சல் என்ற சிக்கலை அவர் எழுதி வைத்தார். தொல்லை தரும் கணினியிடமிருந்து வரும் செய்திகளை ஏற்க மறுக்கும் வழி, பெறும் கணினிக்கு இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு கணினி நிறுவனத்தின் விளம்பரம் ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே மூச்சில் அனுப்பப்பட்டு எரிச்சலைக் கிளப்பியது 1978இல்தான். அதற்கு இரண்டரை ஆண்டுக்கு முன்பே அவர் எச்சரித்துவிட்டார்.

அந்த ஓட்டையை அடைக்கும் வேலை இன்று வழங்கி அமைப்பவர் தலையில் விழுகிறது. மென்பொருளை நிறுவுவது பெரிய காரியம் அல்ல. லினக்ஸ் கணினியில் அஞ்சலை அனுப்பிப் பெறப் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் சேர்த்துப் பயனருக்குக் காட்ட டவ்காட் என்று இரண்டு திறமூல மென்பொருள்களை ஒரு நாளில் நிறுவிவிடலாம். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்த எண்ணுள்ள கணினிக்கு உரிமை உண்டு என்று ஊரறிய எழுதி வைக்க வேண்டும். அதற்கு எஸ்பிஎஃப் என்று பெயர். ஒவ்வொரு கடிதத்திலும் இரகசியச் சாவியால் முத்திரை இட வேண்டும், அது டிகேஐஎம். இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்யலாம் என்று அறிவிக்க வேண்டும், அது டிமார்க். கணினியின் எண்ணைக் கேட்டால் அதன் பெயர் சரியாகத் திரும்பி வர வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், எங்கள் முதல் கடிதங்கள் ஒரு பெரிய மின்னஞ்சல் நிறுவனத்தின் குப்பைப் பெட்டியில்தான் விழுந்தன. புதிய எண்ணுக்கு நற்பெயர் சேர வாரங்கள் ஆகும். பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பித்தான் அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தோம்.

இந்தத் திருத்தங்கள் எதற்கும் போஸ்டலின் விதியை உடைத்து எறிய வேண்டியிருக்கவில்லை. அடித்தளம் எளிமையாக இருந்ததால் மேலே கட்ட முடிந்தது. 1982இல் அந்த உரையாடலில் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. 2012இல் வெளியான ஒரு நீட்டிப்பு, முகவரியையே தமிழில் எழுத வழி செய்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் அதை ஏற்றது. சிங்கப்பூருக்கு இன்று தமிழ் எழுத்திலேயே புள்ளி சிங்கப்பூர் என்று முடியும் இணையப் பெயர் இருக்கிறது. அட் குறிக்கு இரண்டு பக்கமும் தமிழ் எழுத்து நிற்க முடியும்.

நாடுகளுக்குப் பெயர் வந்த கதை

இணையப் பெயர்களின் கதையிலும் போஸ்டல் இருக்கிறார். தொடக்கத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. மாற்று வழி தேடும் வேலையைப் போஸ்டல் தம் கழகத்தில் இருந்த பால் மொக்காபெட்ரிஸிடம் கொடுத்தார். 1983இல் பிறந்தது டிஎன்எஸ் என்ற பெயர் முறை. மறு ஆண்டே போஸ்டலும் ரெனால்ட்ஸும் டாட் காம், டாட் இடியூ போன்ற மேல்நிலைப் பெயர்களை வகுத்து ஒரு குறிப்பு எழுதினார்கள். நாடுகளுக்கும் இடம் வைத்தார்கள்.

எது நாடு, எது நாடு இல்லை? இந்தக் கேள்வியில் கை வைத்தால் உலக அரசியலில் சிக்கிக்கொள்வோம் என்று போஸ்டலுக்குத் தெரியும். அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு நாடுகளுக்கு இரண்டு எழுத்துக் குறியீடுகளை ஏற்கனவே வெளியிட்டிருந்தது. அந்தப் பட்டியலில் இருந்தால் தருவேன், அதற்கு மேல் முடிவு செய்வது என் வேலை அல்ல என்று விலகிக்கொண்டார். மலேசியாவின் டாட் எம்ஒய் 1987இல் அந்தப் பட்டியலின்படி பதிவானது. சிங்கப்பூரின் டாட் எஸ்ஜி 1988இல் வந்தது. கடல் கடந்து ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் இருந்த தாடிக்காரர் ஒருவரின் ஏட்டில் நம் நாடுகள் இடம்பிடித்தது அப்படித்தான்.

1994ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் எழுதிய 1591ஆம் எண் குறிப்பு, இந்தப் பெயர்களை நிர்வகிப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறது. ஒரு நாட்டின் பெயரைக் கவனிப்பவர் அந்த நாட்டு மக்களுக்கும் உலக இணையச் சமூகத்துக்கும் அறங்காவலர் போன்றவர். எனக்கு உரிமை, எனக்குச் சொந்தம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பொறுப்பையும் சேவையையும் பற்றித்தான் கவலைப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. போஸ்டலின் வாழ்க்கையையே சுருக்கினால் இதுதான் வரும் என்று நான் நினைக்கிறேன்.

பணமும் அதிகாரமும் வந்தபோது

ஆனால், காலம் மாறியது. 1990களில் இணையத்துக்குள் வணிகம் வந்தது. டாட் காம் பெயர்களைப் பதிவு செய்யும் வேலை, அமெரிக்க அரசின் ஒப்பந்தப்படி நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. 1995 செப்டம்பரில் அது கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர். இலவசமாகக் கிடைத்த பெயர் திடீரென்று பெரும் பணம் ஆனது. பெயர்கள் யாருக்குச் சொந்தம், யார் விதி போடுவது என்ற சண்டை மூண்டது. போஸ்டல் அந்தச் சண்டையின் நடுவில் நின்றார். போட்டி வர வேண்டும், புதிய மேல்நிலைப் பெயர்கள் வர வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

1998ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அவர் செய்த ஒரு காரியம் இன்றும் விவாதிக்கப்படுகிறது. இணையப் பெயர்களின் தலைப்பட்டியலைத் தாங்கும் மூல வழங்கிகள் அன்று 13. அவை எல்லாம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடம் இருந்த முதன்மைக் கணினியிலிருந்து பட்டியலை நகலெடுத்து வந்தன. இனிமேல் அங்கிருந்து எடுக்க வேண்டாம், ஐயானாவின் கணினியிலிருந்து எடுங்கள் என்று எட்டு வழங்கிகளின் பொறுப்பாளர்களுக்குப் போஸ்டல் மின்னஞ்சல் அனுப்பினார். எட்டுப் பேரும் அப்படியே செய்தார்கள். பயனர் எவருக்கும் எந்த இடையூறும் ஏற்படவில்லை. ஆனால், இணையத்தின் தலைப்பட்டியல் இரண்டு கைகளில் இருப்பதாக ஆகிவிட்டது.

அமெரிக்க அரசு அதிர்ந்தது. அதிபர் கிளின்டனின் ஆலோசகர் ஐரா மகசினர் தலையிட்டார். இது ஒரு சோதனை என்று போஸ்டல் விளக்கம் கொடுத்தார். சில நாள்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின.

அவர் செய்தது சரியா? இணையம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமல்ல என்பதை அவர் நிரூபித்தார் என்பார்கள் சிலர். தேர்ந்தெடுக்கப்படாத ஒரு தனி மனிதர் ஒரே மின்னஞ்சலில் இதைச் செய்ய முடிந்தது பேராபத்து என்பார்கள் வேறு சிலர். என் பார்வையில் இரண்டிலும் உண்மை உண்டு. அந்த எட்டுப் பேரும் அவர் சொன்னதைக் கேட்டது சட்டத்துக்குப் பயந்து அல்ல. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஒருவர் தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாமல் கணக்கு எழுதியதால் வந்த மதிப்பு அது. ஆனால், அடுத்து வருபவரும் அப்படி இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நல்ல மனிதரை நம்பி நடக்கும் வேலையை ஒரு கட்டத்தில் நல்ல அமைப்பிடம் ஒப்படைக்கத்தான் வேண்டும்.

அது போஸ்டலுக்கும் தெரிந்திருந்தது. தம் வேலையை ஏற்றுக்கொள்ள ஐகேன் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பை உருவாக்கும் பணியில் அந்த ஆண்டு முழுதும் ஈடுபட்டார். 1998 செப்டம்பர் 30ஆம் நாள் அது பதிவு செய்யப்பட்டது. அடுத்த இரண்டு வாரம் சற்றுத் தாண்டி, அக்டோபர் 16ஆம் நாள், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் லாஸ் ஏஞ்சலிஸில் அவர் காலமானார். வயது 55. வின்ட் செர்ஃப் எழுதிய இரங்கல், அவர் முப்பது ஆண்டு வளர்த்த அதே ஆர்எஃப்சி வரிசையில் 2468ஆம் எண்ணாக வெளிவந்தது.

மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது

போஸ்டல் மறைந்த இரண்டு மாதத்தில், 1998 டிசம்பரில், வீட்சே வெனெமா என்ற நெதர்லாந்துக்காரர் போஸ்ட்ஃபிக்ஸைத் திறமூல மென்பொருளாக வெளியிட்டார். 2002இல் ஃபின்லாந்தின் திமோ சிரைனன் டவ்காட்டை வெளியிட்டார். போஸ்டலின் அனுமதியை இவர்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. விதி எல்லாரும் படிக்கும்படி திறந்து கிடந்தது. எங்கள் முப்பது பேர் அலுவலகம் உலகத்தோடு சரிநிகராகக் கடிதம் பரிமாறுவது அதனால்தான்.

சொந்த வழங்கி எல்லா நிறுவனத்துக்கும் ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன். மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிக்க ஆள் வேண்டும். தினமும் நகல் எடுக்க வேண்டும். அந்த நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். ஒருவர் விடுப்பில் போனால் கவனிக்க இன்னொருவர் வேண்டும். இந்தப் பொறுப்பை ஏற்க முடியாத நிறுவனம் காசு கொடுத்து வெளியாரிடம் விடுவதே மேல். ஆனால், உலகில் எல்லாருமே அப்படி விட்டுவிட்டால், மின்னஞ்சலும் ஒரு சில நிறுவனங்களின் மூடிய அறை ஆகிவிடும். இன்றே பெரும்பகுதி அஞ்சல் ஒரு சில கைகளில்தான் இருக்கிறது. இன்னும் சிலராவது இந்த வேலையைக் கற்று வைத்திருப்பது எல்லாருக்கும் நல்லது.

மாணவர்களே, ஒரு பழைய கணினி போதும். அதில் லினக்ஸை நிறுவி, போஸ்ட்ஃபிக்ஸை உங்கள் அறைக்குள் மட்டும் இயங்கும்படி அமைத்து, 25ஆம் வாசலைத் தட்டி ஹெலோ சொல்லிப் பாருங்கள். 821ஆம் குறிப்பை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் எளிமையானது, படிவம் ஐந்து மாணவர்கூட மெல்லப் படித்துவிடலாம். அப்படியே 1981இல் போஸ்டல் வெளியிட்ட எண் பட்டியலையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நேராகப் பொறுப்பாளரின் பெயருக்குச் சில எழுத்துகள் குறிக்கப்பட்டிருக்கும். ஜேபிபி என்ற மூன்று எழுத்துகள் பல இடங்களில் வரும். ஜானதன் புரூஸ் போஸ்டலின் பெயர்ச் சுருக்கம் அது. அந்த எழுத்துகள் நிற்கும் இடம் உரிமையாளர் பெயர் எழுதும் இடம் அல்ல. சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதும் இடம்.